படகு அமர்த்திய நாள்

மக்கள் பலர் ஒருங்கு கூடி, ஒரு நாளேனும் தம் தொழிலையும் கவலையையும் மறந்து இன்புற்றிருத்தல் நன்று என்பதனை மறுப்பார் இலர். கல்விச்சாலைகளில் இவ்வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. மலைக்குச் செல்வோர் வண்டி அமர்த்துவர்; சோலைக்குச் செல்வோர் சமையற்காரரை அமர்த்துவர்; கடலுக்குச் செல்வோர் படகு அமர்த்துவர். இம்மூன்றனுள் முதலிரண்டும் எளியன. வண்டி பழுதுற்றால் வழியில் நிற்கும். சோறு குழைந்தால் மோர் ஊற்றி உண்டுவிடலாம். படகு அத்தகையதன்று. நிலம் நம் பிழைகளைப் பொறுக்கும், நீர் பொறுப்பதில்லை. ஆதலின், பலர் சேர்ந்து ஒரு படகினை அமர்த்துங்கால் உண்மையில் விலை பேசப்படுவது யாது என்னும் வினா சிந்திக்கத்தக்கது. உச்சிப்புளிக் கடற்கரையில் அவ்வினாவுக்கு எமக்குக் கிடைத்த விடையை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

உச்சிப்புளி, இராமநாதபுரத்தினின்று மண்டபம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளதோர் ஊர். நிலம் ஈண்டு ஒடுங்கிக் கிழக்கே நீண்டு செல்கின்றது. வடபால் பாக் விரிகுடா. தென்பால் மன்னார் வளைகுடா. வடகடல், தென்கடல் என்று எளிதாகப் பெயரிட்டு அழைப்பர் அப்பகுதியார். இவ்விரு கடலும் ஒரே காலத்தில் சீறுவது அரிது. கோடையிலும் அதனை அடுத்த மாதங்களிலும் தென்மேற்கினின்று கச்சான் காற்று வீசுங்கால் தென்கடல் கொந்தளிக்கும். வடகடலின் கரையோரம் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும்; வடகடல் முழங்கும், தென்கடல் தணியும். ஆகவே இக்கரையில் வாழ்வோர்க்கு, அச்சிட்ட நாட்காட்டியினும் காற்றே நம்பத்தக்க நாட்காட்டியாக விளங்குகின்றது.

கூட்டமாகப் படகேறுதல் இப்பகுதிக்குப் புதிதன்று. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலத்தின்மேல் புகைவண்டி ஓடத் தொடங்குமுன், இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் படகிலேயே கடலைக் கடந்தனர். அவ்வழியைக் காத்து நின்றமையாலன்றோ இராமநாதபுரத்து மன்னர் சேதுபதி எனப் பெயர் பெற்றனர்! பாலம் அமைந்த பின்னரும் காற்றின் ஆட்சி ஒழிந்தபாடில்லை. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில், தனுஷ்கோடி நோக்கிச் சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. தனுஷ்கோடி என்னும் ஊரே அழிந்தது. பழைய பாம்பன் பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைக் கடந்தால் சிவப்பு விளக்கு எரியும், வண்டி நின்றுவிடும். அப்பாலத்தில் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகே கட்டிய புதிய பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. உச்சிப்புளியிலேயே, 2009-ஆம் ஆண்டு முதல் ஐ.என்.எஸ். பருந்து என்னும் கடற்படை விமானத் தளம் இயங்கி வருகின்றது. அங்கும் காற்றைக் கேளாமல் எவரும் மேலெழுவதில்லை. சிவப்பு விளக்கோடு வழக்காடும் பயணியை யாம் கண்டதில்லை. விமானியோடு பேரம் பேசுவாரையும் கண்டதில்லை. படகோட்டி ஒருவனோடு மட்டுமே மக்கள் காற்றைக் குறித்துப் பேரம் பேசுகின்றனர்.

எம் கூட்டத்தில் ஐம்பத்துநால்வர் இருந்தோம். மாணவர், ஆசிரியர், பழைய மாணவர், விடுதிச் சமையலறையில் பணிபுரிவோர், கல்லூரி முதல்வர் ஆகிய அனைவரும் அவ்வெண்ணிக்கையில் அடங்குவர். முற்காலத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர் குருசடைத் தீவிற்குப் போந்து கடல்வாழ் உயிர்களை ஆராய்வது பெருவழக்கு. எம் பழைய மாணவருள் முதியோர் அத்தீவின் பெயரைச் சொல்லும்போதே இளமை எய்தினர். அத்தீவு உள்ளிட்ட மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் 1986-ஆம் ஆண்டு முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. இசைவின்றி அவற்றில் கால் வைத்தல் ஆகாது. மேலும் யாம் குறித்த நாளோ ஆவணித் திங்களில் அமைந்தது. தென்கடல் சீறும் பருவம். எனவே வடகடலில், கரையை ஒட்டிச் சிறிது தூரம் சென்று மீள்வதென முடிவாயிற்று.

படகு பேசுதற்கு எம்முள் இருவர் ஒரு மாதம் முன்னரே சென்றனர். அக்கரையில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வாரத்தின் நாட்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு தொழில் செய்வது வழக்கம். ஆதலின் கடலுக்குச் செல்லாத விசைப்படகுகள் சில கரையருகே நங்கூரமிட்டு நின்றன. அவற்றுள் ஒன்று மிகப் பெரிது. அதனைக் கண்டவுடன் எம்மவர்க்கு ஆசை மிகுந்தது. ஐம்பத்துநால்வரும் ஒரே நடையில் சென்று வரலாம், கூலியும் குறையும் என்பது அவர்தம் கணக்கு. படகுக்குரியவரை அணுகினர். அவர் அறுபது வயது கடந்தவர்.

"ஐயா, எங்கள் ஐம்பத்துநான்கு பேருக்கும் இதில் இடம் இருக்குமா?" என்று வினவினர்.

"இடத்திற்கு என்ன குறை, தம்பி? இதில் டன் கணக்காக மீன் ஏறுகிறது. ஆனால் மீன் எழுந்து நின்று வேடிக்கை பார்க்காது" என்றார் அவர்.

எம்மவர் விடவில்லை, கூலியைச் சிறிது உயர்த்திக் கூறினர். பெரியவர் தலையசைத்து, "இந்தப் படகுக்குக் கொடுத்திருக்கும் உரிமம் மீனுக்கு; ஆளுக்கு அன்று. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்றே உரிமம் வாங்கிய படகுகள் இருக்கின்றன, அங்கே போய்க் கேளுங்கள்" என்று வழியும் காட்டினார்.

'மீன் எழுந்து நின்று வேடிக்கை பார்க்காது' என்ற அவ்வொரு வாக்கியத்தில் படகு கவிழும் காரணம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. படகு பாரத்தினால் மட்டும் கவிழ்வதன்று. பாரம் உயர்வதாலும், ஒரு புறமாகச் சாய்வதாலுமே பெரிதும் கவிழ்வது. அடித்தட்டில் கிடக்கும் மூட்டை படகினை நிலைநிறுத்தும். அதே எடையுள்ள மனிதன் எழுந்து நின்றால் அதனை அசைப்பான். அவனைப் போன்ற முப்பதின்மர் ஒரே திசையில் ஓடினால் அதனைப் புரட்டுவர். 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் கவிழ்ந்த சுற்றுலாப் படகில் நாற்பத்தைவர் உயிர் நீத்தனர். கரையில் தோன்றிய விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டமை அதற்கொரு காரணமாகக் கூறப்பட்டது. இன்பத்தின் பொருட்டுச் சென்றோர்க்கு அவ்வின்பமே பகையாயிற்று. இஃது எத்துணை இரங்கத்தக்கது!

பெரியவர் காட்டிய வழியே சென்று, உரிமம் பெற்ற படகுகள் இரண்டினை எம்மவர் பேசினர். ஒவ்வொன்றிலும் ஒன்பதின்மர்க்கு மேல் ஏற்றுவதில்லை. ஆகவே நடை ஒன்றுக்குப் பதினெண்மர், மூன்று நடை. ஆளுக்கு 300 ரூபாய் எனக் கூலி முடிவாயிற்று. அவ்விரு படகுக்கும் தலைவராகிய படகோட்டி மூன்று நிபந்தனைகள் விதித்தார். ஏறுவோர் பெயர்களைத் தாளில் எழுதி ஒரு படி கரையில் வைத்துவிட்டே புறப்படல் வேண்டும். உயிர்காப்புச் சட்டையை மணலில் நின்றே அணிதல் வேண்டும்; படகில் ஏறிய பின் அணிந்துகொள்வோம் என்றல் கூடாது. போதும் என்று தாம் சொன்னால் அன்றைய ஓட்டம் போதும், அதன்பின் பேச்சில்லை.

எம் கூட்டத்தின் பொருளாளர் வங்கியொன்றில் பல்லாண்டு பணியாற்றிய பழைய மாணவர். அவர் இம்மூன்றையும் ஏற்றுக்கொண்டு நான்காவது ஒன்றைத் தாமே சேர்த்தார். "நீங்கள் காற்றைப் பார்த்து ஒரு நடையை நிறுத்தினால், அந்த நடைக்குப் பாதிக் கூலி உங்களுக்கு உண்டு" என்றார்.

படகோட்டி வியந்து, "போகாத நடைக்குக் கூலி ஏது, ஐயா?" என்று கேட்டார்.

"போனால்தான் கூலி என்றால், போகாதே என்று சொல்லும் வாய்க்கு நாங்களே பூட்டுப் போட்டதாகும்" என்பது பொருளாளர் விடை.

அப்பொழுது அது மிகையான தாராளமாகவே எம்முட் சிலர்க்குத் தோன்றிற்று. எம் பணத்தை நீரில் எறிவதாகவும் ஒருவர் நகையாடினார். அஃது எத்துணைச் சிறந்த முதலீடு என்பது பின்னரே விளங்கிற்று.

குறித்த நாளில், இரவே இரண்டு பேருந்துகளிற் புறப்பட்டு, விடியற்காலையில் உச்சிப்புளியைக் கடந்து வடகடற்கரையை அடைந்தோம். சவுக்குத் தோப்பின் நிழலில் அடுப்புகள் மூட்டப்பட்டன. கடல், காற்றில்லாத குளத்தைப் போல் பளபளத்தது. முதல் நடையில் யார் ஏறுவது என்னும் வினா எழுந்தது. முதியோர் முதலில் என்றனர் சிலர்; பெண்கள் முதலில் என்றனர் வேறு சிலர்; விருந்தினராகிய பழைய மாணவர்க்கே உரிமை என்றனர் மற்றும் சிலர். அனைத்தையும் கேட்டிருந்த முதல்வர், "திருவுளச்சீட்டு எடுப்போம், எல்லாப் பெயரும் ஒரே பாத்திரத்தில்" என்றார். விடுதியின் சாம்பார்ப் பாத்திரமே அதற்கு உதவிற்று. ஐம்பத்துநான்கு சீட்டுகளையும் ஒரு சிறுவன் எடுத்தான். சமையலறையில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரியும் அம்மையார்க்கு முதல் நடை. எமக்கு இரண்டாம் நடை. முதல்வர்க்கு மூன்றாம் நடை. சீட்டை எடுத்துத் திரும்ப வைக்கலாமே என்று ஒருவர் மெல்லச் சொன்னார். முதல்வர் கேளாதவர் போல் நின்றார்.

செம்மஞ்சள் நிற உயிர்காப்புச் சட்டைகளை வேட்டியின் மேலும் சேலையின் மேலும் அணிந்து நின்றோரின் தோற்றம் நகைப்பிற்குரியதாகவே இருந்தது. பேராசிரியர் ஒருவர்க்கு வார் எட்டவில்லை. படகோட்டி அவரை இறக்கி வேறு சட்டை மாற்றிய பின்னரே ஏற்றினார். முதல் நடை புறப்பட்டது. கடலையே முன்பு கண்டிராத சமையலறை அம்மையார், படகின் விளிம்பில் சிதறிய துளியை நாவில் இட்டு, "உப்பு ஒரு கை கூடிவிட்டது" என்றாராம். அச்சொல் அன்று முழுதும் கரையில் உலவிற்று.

இரண்டாம் நடையில் யாம் சென்றோம். கரையினின்று சிறிது அகன்றதும் நீரின் அடியில் கடற்புல் பசும்பாய் விரித்தாற்போல் அசைந்தது. அதனை மேய்ந்தே கடற்பசு வாழ்கின்றது. மீனவர் அதனை ஆவுளியா என்பர். முன்னர் மிகுதியாகக் காணப்பட்ட அவ்விலங்கு இன்று அருகிவிட்டது. அதனைக் காக்கும்பொருட்டு, இதே பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பினை 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு காப்பகமாக அறிவித்தது. யாம் ஆவுளியாவைக் காணவில்லை. ஆயினும், அதன் உணவுக்களத்தின் மேல் மிதந்து செல்கின்றோம் என்னும் எண்ணமே ஓர் இன்பமாயிற்று.

யாம் மீண்டு இறங்கியபோது நண்பகலுக்குச் சிறிது பொழுதே எஞ்சியிருந்தது. மூன்றாம் நடையினர் சட்டை அணிந்து வரிசையாக நின்றனர். படகோட்டி அவர்களை நோக்கவில்லை. கண்ணை இடுக்கி வடக்கே தொலைவில் நோக்கினார். பின்பு திரும்பி, சவுக்கு மரங்களின் உச்சியை நோக்கினார். "போதும், ஐயா" என்றார்.

கரையோர நீர் காலையில் இருந்தவாறே தெளிந்து கிடந்தது. மாணவர் சிலர் வெகுண்டனர். "கடல் குளம் போல் கிடக்கிறதே, அண்ணே! எதற்காக நிறுத்துகிறீர்கள்?" என்றான் ஒருவன்.

படகோட்டி பொறுமையாக விளக்கினார்: "கச்சான் ஏறிவிட்டது, தம்பி. காற்று நமக்குப் பின்னால் தரையிலிருந்து வருகிறது. அதனால்தான் கரையில் அலை இல்லை. அங்கே பாருங்கள், தூரத்தில் வெள்ளை தெரிகிறது. போகும்போது முதுகைத் தள்ளிக்கொண்டு போகும், சுகமாக இருக்கும். வரும்போது முகத்தில் அறையும். எந்திரம் ஒரு நிமிடம் நின்றால் படகு கரைக்கு வராது, வெளிக்கடலுக்குப் போகும்."

இஃது எம்மிற் பலர்க்குப் புதிய பாடம். அலை கரையை நோக்கி வந்து மோதுவதே ஆபத்தின் அடையாளம் என்று நிலத்தில் வாழ்வோர் எண்ணுகின்றோம். நிலத்தினின்று வீசும் காற்றோ கரையை அமைதியாகவே காட்டும். அலை எழுதற்கு வேண்டிய தொலைவு அதற்குக் கரையருகே கிடைப்பதில்லை. அகலச் செல்லச் செல்ல அலை வளரும். கடல் தன் முகத்தைக் கரையில் ஒருவாறாகவும் வெளியில் வேறொருவாறாகவும் காட்டும் நேரம் அது.

"இரட்டிப்புக் கூலி தருகிறோம்" என்றார் பழைய மாணவர் ஒருவர்.

"காற்றிடம் கொடுங்கள், ஐயா, அது வாங்கிக்கொண்டால் நான் போகிறேன்" என்றார் படகோட்டி.

அதன்பின் எவரும் பேசவில்லை. முதல்வர் தம் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி, மடித்து, அவர் கையில் கொடுத்தார். ஏனைய பதினெழுவரும் அவ்வாறே செய்தனர். மூன்றாம் நடையின் கூலி 5,400 ரூபாய். ஒப்பந்தப்படி அதில் பாதியாகிய 2,700 ரூபாயைப் பொருளாளர் எண்ணிக் கொடுத்தார். படகோட்டி முதலில் தயங்கினார். பேசியது பேசியதே என்று வற்புறுத்திய பின் பெற்றுக்கொண்டார்.

உணவின்போது, ஏமாற்றமுற்றிருந்தோரை நோக்கி முதல்வர், அப்போஸ்தலர் நடபடிகள் இருபத்தேழாம் அதிகாரத்தை நினைவூட்டினார். பவுலைக் கைதியாக ஏற்றிச் சென்ற கப்பலில் இருநூற்று எழுபத்தாறு பேர் இருந்தனர். குளிர்காலம் நெருங்கிற்று, இனிப் பயணம் தகாது எனப் பவுல் எச்சரித்தார். கப்பலுக்குரியவனும் மாலுமியும் வேறு கூறினர். துறைமுகமோ தங்குதற்கு வசதியற்றது. பெரும்பான்மையோர் புறப்படவே விரும்பினர். அவ்வேளையில் மெல்லிய தென்றலும் வீசிற்று; அதனை நம்பி நங்கூரத்தைத் தூக்கினர். சிறிது நேரத்திற்கெல்லாம் கடுங்காற்று மோதிற்று, கப்பல் உடைந்தது, இறையருளால் உயிர்கள் மட்டும் தப்பின. "பெரும்பான்மை வாக்கெடுத்துக் காற்றைத் திருப்ப இயலாது என்பதே அப்பகுதியில் யான் கற்றது" என்று கூறி, முதல்வர் மோருக்குக் கை நீட்டினார்.

ஒன்றை ஈண்டு ஒளியாது கூறுதல் வேண்டும். படகோட்டி சொன்னது மெய்யென்று காட்டுதற்கு அன்று புயல் ஒன்றும் எழவில்லை. மாலைவரை கரையோரம் அமைதியாகவே இருந்தது; தொலைவில் வெள்ளைக் கோடுகள் மட்டும் தோன்றி மறைந்தன. பதினெண்மரும் சென்றிருந்தால் நலமே மீண்டிருத்தலும் கூடும். பேருந்தில் திரும்பும்போது சிலர் அதனையே சொல்லிக்கொண்டு வந்தனர். நல்ல மறுப்பின் இயல்பு அத்தகையது. அது தன் நியாயத்தை மெய்ப்பித்துக் காட்டுவதில்லை; நேராத தீங்கிற்குச் சாட்சி இல்லை. நேர்ந்த தீங்கிற்கே சாட்சி உண்டு.

அச்சாட்சிகளை நாம் மறத்தலாகாது. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, பழவேற்காட்டில் உறவினராய்க் கூடி மகிழச் சென்றவர்களைச் சுமந்த படகு கவிழ்ந்து இருபத்திருவர் மாண்டனர். 2023-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து இருபத்திருவர் மாண்டனர். 2024-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் வடோதரா நகரின் ஹர்ணி ஏரியில், பள்ளியினின்று உலாச் சென்ற மாணவர் பன்னிருவரும் ஆசிரியர் இருவரும் மடிந்தனர். அப்படகிலும் ஏற்றத்தக்க அளவுக்கு மேல் ஏற்றியிருந்தனர். உயிர்காப்புச் சட்டை இல்லாத பிள்ளைகள் பலர். இவை ஏரியும் காயலும், பெருங்கடல் அல்ல. கொடிய புயல் எதுவும் இவற்றுக்குக் காரணமன்று. 'இன்னும் இருவர் ஏறலாம்' என்று ஒருவர் சொல்ல, 'ஆகாது' என்று மற்றொருவர் சொல்லாமையே பல இடங்களில் முதற்காரணம் ஆகின்றது.

அங்ஙனமாயின் பெருங்கூட்டம் கடலேறவே கூடாதோ எனின், அற்றன்று. இராமேசுவரத்தினின்று கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவிற்குச் செல்லும் யாத்திரையைக் காண்க. 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அத்தீவு இலங்கைக்கு உரியதாயினும், யாத்திரிகர் செல்லும் வழக்கம் அவ்வுடன்படிக்கையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. உள்நாட்டுப் போரினால் நெடுநாள் தடைப்பட்டிருந்த அவ்யாத்திரை 2010-ஆம் ஆண்டு முதல் மீண்டும் நடைபெற்றது. மீன்பிடிக்கும் படகுகளே ஆளேற்றிச் செல்கின்றன. ஆயினும் பெயர்களை முன்னரே பதிவு செய்து, படகுகளை அதிகாரிகள் சோதித்து, ஆள் கணக்கை வரையறுத்த பின்னரே அவை கரையை விட்டு அகலும். கூட்டம் பெரிதாதல் குற்றமன்று. கணக்கின்றி ஏறுதலே குற்றம்.

இனி இவ்வாண்டும் வரும் ஆண்டுகளிலும் நம் கல்லூரிக் கழகங்கள் பல படகுகளை அமர்த்தும். அமர்த்துவோர் நினைவில் கொள்ளத்தக்கவை சில. மலிவான ஒரு பெரும்படகைத் தேடாது, உரிமம் பெற்ற சிறுபடகுகளையும் பல நடைகளையும் தேடுக. பெயர்ப் பட்டியலின் ஒரு படி கரையில் இருக்கட்டும். முதல் நடை யார்க்கு என்பதனைப் பதவி முடிவு செய்யாது சீட்டு முடிவு செய்யட்டும். கடைசி நடை நின்றுபோயின் அவ்விழப்பு எப்பொழுதும் ஒரே எளியோர் தலையில் விழாதிருக்க அதுவே வழி. யாவற்றினும் மேலாக, போகும் நடைக்குக் கூலி பேசும்போதே போகாத நடைக்கும் கூலி பேசுக. வறுமையினிடையே நேர்மையாகத் தொழில் செய்யும் ஒருவனை, தன் பிள்ளைகளின் உணவுக்கும் நம் பிள்ளைகளின் உயிருக்கும் நடுவே நிறுத்தி வைத்துவிட்டு, பின்பு அவன் நெஞ்சுறுதியை எதிர்பார்த்தல் அறமாகாது. அவன் 'ஆகாது' என்று கூறுதற்குரிய விடுதலையை நாமே முன்னர் விலை கொடுத்து அளித்தல் வேண்டும்.

பலகையும் எந்திரமும் நாம் கூலி கொடுத்துப் பெறுவனவற்றுள் சிறுபகுதியே. பெரும்பகுதி, காற்றை நோக்கி நிற்கும் அவன் கண்ணும், போதும் என்னும் அவன் சொல்லும் ஆகும். அச்சொல்லுக்குச் செவிசாய்க்கும் கூட்டத்தார் எத்தனை பேராயினும், புறப்பட்ட தொகை குறையாது இல்லம் மீள்வாராக.